தண்ணீருக்கு விட்ட வழி

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் சுவரைத்தான் தொடுவார். வீட்டுக்காரர் உட்காரச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய உள்ளங்கை சுவரில் போய்ப் படிந்துவிடும். முழங்கால் உயரத்தில் ஒரு இடம், ஜன்னலின் கீழ் மூலை, பீரோவுக்குப் பின்னால் கை நுழைகிற சந்து என்று தொட்டுப் பார்ப்பார். தொட்ட கையை மூக்கருகே கொண்டுபோவார். அதற்குப் பிறகுதான் உட்காருவார். அதனால் எங்கள் பட்டறையில் அவருக்கு ‘ஓதம்’ என்று பெயர். சுவரில் ஏறி நிற்கிற ஈரத்தைத்தான் ஓதம் என்போம். முகத்துக்கு நேரே எல்லோரும் சார் என்பார்கள். முதுகு திரும்பினால் ஓதம்.

ஒருமுறை வார்ப்பு அச்சுப் பிரிவு மேஸ்திரி, புதிதாகக் குடிபோன வீட்டுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார். டீ ஆறிக்கொண்டிருக்க, அவர் பீரோவைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டாராம். நகர்த்தினால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்ததாம். மறுநாள் பட்டறையில் மேஸ்திரி புலம்பித் தீர்த்துவிட்டார்.

“வந்தோமா, டீயைக் குடிச்சோமா, போனோமான்னு இருக்க வேண்டியதுதானே. என் பொண்டாட்டி நேத்துலேர்ந்து என்னை உரிச்சு உப்பு தடவுறா. வீடு பார்க்கப் போனப்ப உன் கண்ணை எங்க கழட்டி வச்சேங்குறா.”

“பேசாம பீரோவைத் திரும்பத் தள்ளி வச்சிடுங்க அண்ணே,” என்றான் கலவை போடுகிறவன்.

“தள்ளி வச்சாச்சுடா. ஆனா இப்ப எங்களுக்குத் தெரிஞ்சு போச்சே.”

அதன்பிறகு அவரை யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. மத்தியானம் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு நான் வேலை பார்க்கிற கொட்டகைக்கு வந்துவிடுவார்.

எங்கள் பட்டறையில் சுவர் பேனல் வார்க்கிறோம். சிமெண்டும் நாரும் கலந்த கலவையை இரும்பு அச்சில் ஊற்றி, காயவைத்து எடுத்தால் ஒரு ஆள் உயரப் பலகை வரும். அதன் ஒரு விளிம்பில் நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும். மறு விளிம்பில் அந்த நாக்கு உட்காருவதற்குக் காடி வெட்டியிருக்கும். ஒன்றின் நாக்கை இன்னொன்றின் காடியில் கோர்த்துக்கொண்டே போனால் சுவர் எழும்பிவிடும். செங்கல் அடுக்க வேண்டாம், பூச வேண்டாம். அந்த நாக்கும் காடியும் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று வரைவது அவர் வேலை. வரைந்தது நனைகிறதா என்று பார்ப்பது என் வேலை.

பார்ப்பது என்றால் வெறுமனே பார்ப்பதுதான். கொட்டகையின் நடுவில் பேனல்களைக் கோர்த்து ஒரு சுவர் நிறுத்துவார்கள். முன்பக்கம் துளையிட்ட குழாய்கள் வரிசையாகத் தண்ணீர் அடிக்கும். அதற்குப் பின்னால் ஆளையே தூக்கிவிடுகிற மாதிரி ஒரு பெரிய விசிறி சுற்றும். எந்த வழியாக வந்தது என்று தெரிவதற்காகத் தண்ணீரில் நீலம் கலந்திருப்பார்கள். சுவரின் பின்பக்கத்தில் வெள்ளை அடித்து, இருட்டாக மறைப்புக் கட்டி, உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரவைப்பார்கள். கையில் டார்ச். வெள்ளையில் நீலம் எங்கே, எப்போது முதலில் தெரிகிறது என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு வாரம் தாண்டவில்லை. இருட்டில் பேச்சுத்துணை இல்லாமல் சுவரையே வெறித்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று போய்விட்டார்கள். எனக்கு அது கஷ்டமாக இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தம்பி வீட்டில் இருக்கிறேன். தம்பி பெண்டாட்டி எனக்கு வைத்த பெயர் பேசாமடந்தை. “அண்ணி இருக்காங்களா இல்லையான்னு தெரிஞ்சுக்க லைட்டைப் போட்டுப் பார்க்கணும்,” என்பாள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. உண்மையே அதுதான்.

பேசாத ஆளிடம்தான் சிலருக்குப் பேச வரும். அவர் அப்படித்தான். சாப்பிட்டுக்கொண்டே, சுவரைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் சொல்லுவார். முக்கால்வாசி நாக்கும் காடியும்தான். நடுநடுவே அவர் மனைவி வருவாள்.

கல்யாணமான புதிதில் அவர்கள் பட்டறையை ஒட்டிய பழைய குடியிருப்பில் இருந்தார்கள். மழை பெய்தால் அந்தச் சுவர்கள் குடித்துக் குடித்து ஊதும். அவர் மனைவிக்கு அங்கேதான் இளைப்பு வந்தது. அந்த அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் மனசுக்குள் அக்கா என்றுதான் சொல்லிக்கொள்வேன். மூச்சை இழுத்து இழுத்து, கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குவாளாம். அவர் சுண்ணாம்பு அடித்தார், தார் பூசினார், பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். ஈரம் வேறொரு மூலையில் வந்தது. இந்த வீட்டில் வைத்துக்கொண்டு மருந்து கொடுப்பது வீண் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மழை குறைவான வேறொரு ஊரில் அக்காவின் அக்கா இருந்தாள். ஒரு மழைக்காலம் மட்டும் அங்கே இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். போன இடத்தில் மூச்சு சரியாகிவிட்டது.

“கிளம்பும்போது என்ன சொன்னா தெரியுமா? சுவர் காயட்டும், வரேன்னா,” என்றார் அவர்.

பல மழைக்காலம் போய்விட்டது. அவளும் வரவில்லை, அவரும் வேலையை விட்டுவிட்டு அங்கே போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் அவராகவே சொன்னார். “போயிடலாம்தான். ஆனா அவ கேட்டது சுவரை.”

அவர் முதலில் வரைந்த பேனல்கள் எல்லாம் கச்சிதமாக இருந்தன. நாக்கு காடிக்குள் போனால் ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாது. மேஸ்திரி ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி உட்காரவைத்துவிட்டு, “சார், எறும்பு கூட பாஸ் வாங்கிட்டுத்தான் போகணும்,” என்பார். விசிறியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் நீலக் கோடு இறங்கும். நான் உள்ளிருந்து, “வந்துடுச்சு சார்,” என்பேன். அவர் இன்னும் இறுக்கமாக வரைவார். இன்னும் சீக்கிரமாக வரும். ‘வந்துடுச்சு சார்’ என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். என்னவோ நானே போய் நனைத்துவிட்டது போல.

பிறகு ஒரு மழை நாளில் அவர் கொட்டகைக்குள் வந்து ரெயின்கோட்டைக் கழற்றினார். கழற்றியவர் அதைத் தொங்கவிடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். ரெயின்கோட் பழசு. தோளில் அது சட்டையோடு ஒட்டியிருந்த இடம் மட்டும் நனைந்திருந்தது. மார்பிலும் முதுகிலும் தொளதொளவென்று தள்ளி நின்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது.

“ஒட்டின இடத்துலதாம்மா உள்ள வருது,” என்றார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை என்று தெரிந்தாலும் நான் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து அவர் இறுக்குவதை விட்டுவிட்டார். புது வடிவத்தில் நாக்குக்கும் காடிக்கும் நடுவே வேண்டுமென்றே இடம் விட்டார். வெளிப்பக்க உதட்டுக்குப் பின்னால், பேனலுக்குள்ளேயே மேலிருந்து கீழ் வரை ஒரு குழி ஓடியது. அதன் அடியில், சுவர் தரையில் உட்காருகிற இடத்தில், வெளியே திறந்திருக்கிற சின்னச் சின்னப் பிளவுகள். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“சார், தண்ணி வரக்கூடாதுன்னு சொல்லிட்டு நீங்களே கதவைத் திறந்து வைக்கிறீங்களே.”

“வரட்டும்யா. காத்துதான் தண்ணியைப் பிடிச்சு உள்ள தள்ளுது. அந்தக் குழிக்குள்ளயும் வெளியில இருக்கிற அதே காத்து இருந்துச்சுன்னா தள்ளுறதுக்கு ஆள் இல்ல. தள்ள ஆள் இல்லாத தண்ணி என்ன பண்ணும்?”

“என்ன பண்ணும்?”

“கீழ போகும். கீழ வழி இருந்தா வெளிய போயிடும்.”

மேஸ்திரி என் பக்கம் திரும்பி, “உனக்கு ஏதாவது புரியுதா?” என்றார். எனக்குப் புரிந்தது. அவர் மத்தியானம் மத்தியானமாக அதை எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நான் சும்மா சிரித்துவைத்தேன்.

அந்தச் சுவரின் பின்னால் நான் உட்கார்ந்த நாளில் நீலம் வரவில்லை. விசிறியைக் கூட்டினார்கள். வரவில்லை. முன்பக்கம் அடியில் பிளவுகளிலிருந்து நீலத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று மேஸ்திரி கத்துவது கேட்டது. அவர் வெளியிலிருந்து கேட்டார். “என்னம்மா?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“நல்லாப் பாரு.”

“வெள்ளையா இருக்கு சார்.”

முதலாளிக்கு அந்த வடிவம் பிடித்துப்போனது. வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி வீடு வேண்டும் என்றார். பட்டறை மைதானத்தின் கடைசியில், மழைக்காற்று நேராக வந்து மோதுகிற ஓரத்தில், இரண்டு அறையும் சமையலறையுமாக ஒரு வீடு எழும்பியது. அங்கே தானே குடியிருந்து பார்ப்பதாக அவர் கேட்டார். முதலாளி சரி என்றார். முதல் மழைக்காலம் முழுக்க அவர் தனியாக அதில் இருந்தார். சுவர் காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகுதான் அக்காவுக்குப் போன் செய்தார். அந்தப் போனைக் கொட்டகையிலிருந்துதான் செய்தார். “காஞ்சிருச்சு,” என்றார். மறுமுனையில் ஏதோ கேட்டிருப்பார்கள். “ஆமா. எல்லா மூலையும்தான்,” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த மழை தொடங்குவதற்கு முன் அக்கா வந்தாள். ஒரு மழையைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லித்தான் வந்திருந்தாள். ஒரே ஒரு பெட்டி. முதல்நாள் நான்தான் அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தேன். அக்காவுக்கு ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்கிற பழக்கம் அவளிடம் மிச்சமிருந்தது. வாசலில் அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு, “தொட்டுப் பாரு,” என்றார். அவள் சுவரில் கையை வைத்தாள்.

“நல்லா இருக்கு.”

“அந்த மூலையும் பாரு.”

“அதுவும் நல்லா இருக்குங்க,” என்றாள். பிறகு இருவரும் என்ன செய்வது என்று தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த நாட்களில் மத்தியானம் அவர் கொட்டகைக்கு வரவில்லை. வீட்டுக்குச் சாப்பிடப் போனார். நான் தனியாகச் சாப்பிட்டேன். நல்ல விஷயம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேஸ்திரி கிண்டல் செய்வார். “ஓதம் வீட்டுச் சாப்பாட்டுல உப்பு சரியா இருக்கோ இல்லையோ, சுவத்துல உப்புப் பூக்கல. மனுஷன் முகத்தைப் பாரு, வெள்ளை அடிச்ச மாதிரி இருக்கு.”

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். அக்கா வீட்டைச் சுற்றிப் பெருக்குவாள். கொடியில் துணி உலர்த்துவாள். ஒருநாள் சுவரின் அடியில் குந்தி உட்கார்ந்து, கையில் சமையல்கத்தியோடு ஏதோ செய்துகொண்டிருந்தாள். களை பிடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு நடந்தேன்.

மழை வந்தது. காற்றோடு, பக்கவாட்டில் அடிக்கிற மழை. அன்று பட்டறையில் வார்ப்பு வேலை இல்லை. நான் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் குடைகூட இல்லாமல் ஓடி வந்தார்.

“டார்ச்சை எடுத்துக்கிட்டு வாம்மா.”

வீட்டுக்குள் காற்று மோதுகிற பக்கத்துச் சுவரின் அடியில், தரையை ஒட்டி, ஈரம் படர்ந்திருந்தது. ஒரு பாய் அளவுக்கு அகலம். பழைய குடியிருப்புச் சுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தபோது அது எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இருமவில்லை. இருமல் வருகிறதா என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். மழையில் சுவரின் அடியில் முழந்தாள் போட்டு உட்கார்ந்து டார்ச்சை அடிக்கச் சொன்னார். பேனலின் கீழ் உதடு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். தலையைத் தரையோடு தரையாக வைத்தால்தான் அதற்கு அடியில் இருக்கிற பிளவுகள் தெரியும். பார்த்தேன். ஒரு பிளவிலிருந்தும் தண்ணீர் வரவில்லை. அவர் பேனாவை உள்ளே விட்டு நெம்பினார். துணி வந்தது. பூப்போட்ட பழைய தலையணை உறையை நீளமாகக் கிழித்து, மடித்து, கத்தி முனையால் அழுத்தி அடைத்திருந்தது. அடுத்த பிளவிலும் துணி. அதற்கடுத்ததிலும். ஒரு பிசிறு வெளியே தெரியாமல் அக்கா அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாள். துணியை இழுக்க இழுக்க உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் குபுக்கென்று அவர் கைமேல் கொட்டியது. வெளியே போக வழி இல்லாமல் குழியில் நிரம்பி, உள்பக்கம் வழிந்திருக்கிறது.

பிளவைச் சுற்றி எறும்புகள் செத்து ஒட்டியிருந்தன. எதற்காக அடைத்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சமையலறைக்கு எறும்பு வந்திருக்கும். சுவரில் ஓட்டை இருந்தால் அடைக்கத்தானே செய்வார்கள். ஈரத்துக்குப் பயந்தவள் வேறென்ன செய்வாள்.

அவர் அந்தத் துணிகளை எல்லாம் பிழிந்தார். தூக்கிப் போடாமல் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன்.

“என்னவாம்?” என்றாள் அக்கா.

“வரைஞ்சதுல தப்பு,” என்றார்.

“சரி பண்ண முடியாதா?”

“பார்க்கணும்.”

பை ஈரமாகி அவர் தொடை வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப நான் கிளம்பறேங்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டாக்டர் கையை விரித்தபோது எழுந்து வந்திருப்பாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வரும்படி அவர் என்னிடம் சொன்னார். தனக்கு அச்சில் வேலை இருக்கிறது என்றார். அன்று அச்சில் ஒரு வேலையும் இல்லை.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். சொல்லவா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். எனக்குப் பேச்சு அப்படிச் சுலபமாக வராது. பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்ததும்தான் வந்தது.

“அக்கா, சுவத்துக்கு அடியில இருந்த ஓட்டை தண்ணி உள்ள வர்றதுக்கு இல்ல. வெளிய போறதுக்கு.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கை தானாக நெஞ்சுக்குப் போனது.

“துணியைப் பார்த்தாரா?”

“பார்த்தாரு. எடுத்துப் பைக்குள்ள வச்சுக்கிட்டாரு.”

“என்கிட்ட அவர் தப்புன்னாரே.”

நான் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“அந்த ஓட்டை எதுக்குன்னு உனக்கு யாரு சொன்னா?”

“சார்தான் அக்கா.”

“எப்ப?”

“எப்பவுமே சொல்லிட்டு இருப்பாரு. சாப்பிடும்போது.”

அவள் சிரித்தாள். அதைச் சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். மூச்சை நிறுத்தி வாங்கிக்கொண்டாள். “என்னைச் சுவத்தைத் தொடச் சொன்னாரு. தொட்டேன். வந்த நாள்லேர்ந்து நாங்க பேசினது அதுதான். எறும்பு வருதுன்னு நானும் சொல்லல. வீடு கட்டிக் கொடுத்த மனுஷன்கிட்ட வந்த உடனே குறை சொல்லணுமான்னு விட்டுட்டேன்.”

பஸ் வந்து நின்றது. அவள் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“நீதான்டி தப்பு பண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம்.”

பெட்டியைக் கொடுத்தேன். அவள் உட்கார்ந்த ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தது. அதனால் கையாட்ட முடியவில்லை.

திரும்பிப் போனபோது அவர் வீட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து பிளவுகளைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். “ஏறிட்டாளா?” என்றார். “ஏறிட்டாங்க சார்,” என்றேன். நான் பேசியதைச் சொல்லவில்லை. கொடியில் தலையணை உறையின் துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

சுவர் காய நாளாயிற்று. ஈரம் இருந்த இடத்தில் மங்கலான ஒரு விளிம்பு மட்டும் நின்றுவிட்டது. அவர் மறுபடி மத்தியானத்தில் கொட்டகைக்கு வரத் தொடங்கினார். ஆனால் முன்போல் பேசவில்லை. பேசிக்கொண்டே இருந்தவர் வாயை மூடிக்கொண்டு, பேசாதவளோடு உட்கார்ந்து சாப்பிட்டால் எப்படி இருக்கும். டப்பாவைத் திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும்தான். மேஸ்திரி எட்டிப் பார்த்து, “இதென்ன, ஒரு பேசாமடந்தை ரெண்டாயிடுச்சா?” என்றார். யாரும் சிரிக்காததால் அவரும் போய்விட்டார். வாங்க வருகிறவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த மங்கல் விளிம்பைக் காட்டி இது என்ன என்று கேட்டால், “என்னோட தப்பு, சரி பண்ணிட்டேன்,” என்று அவர்களிடமும் அதையே சொன்னார்.

பிறகு ஒரு பெருமழை. இருட்டிக்கொண்டு வந்தபோதே அவர் என்னைக் கூப்பிட்டார். “நீ உள்ள நின்னு பாரும்மா. நான் வெளியில இருக்கேன்.”

அக்கா இருந்த கட்டில் சுவரோரம் இன்னும் அப்படியே கிடந்தது. நான் அதில் உட்காராமல், ஸ்டூலைப் போட்டுச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். காற்று பேனலில் அறைந்தது. சுவர் வெள்ளையாகவே இருந்தது. ஜன்னல் வழியாக அவர் தெரிந்தார். பழைய ரெயின்கோட், ஒரு கையில் குடை. அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தவர், கொஞ்ச நேரம் அடிக்கவிட்டுத்தான் காதில் வைத்தார்.

“ஆமா, இங்க பெய்யுது,” என்றார். “நல்லா பெய்யுது.”

பிறகு வெகு நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

“உன் தப்பு எப்படி ஆகும்? ஓட்டை எதுக்குன்னு நான் சொல்லலியே,” என்றார்.

மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். “இல்ல, சொல்றேன். இரு, சொல்றேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “மழை வெளியில அடிக்குதுல்ல. அந்தப் பேனல் வெளியில ஒரு உதடு மாதிரி இருக்கும். அதுக்குப் பின்னால நான் ஒரு குழி விட்டிருக்கேன்…”

ரெயின்கோட்டில் தொடங்கினார். ஒட்டின இடம், ஒட்டாத இடம், காற்று தள்ளுவது எல்லாவற்றையும் சொன்னார். எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள்தான். ஆனால் எனக்குச் சொல்லும்போது சுவரைப் பார்த்துச் சொல்வார். இப்போது மழையைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே, “புரியுதா?” என்று கேட்டு, பதிலுக்கு நின்று நின்று சொன்னார். சொல்லி முடித்ததும் குடையைக் கீழே போட்டுவிட்டு மழையில் குந்தினார். போனைச் சுவரின் அடியில், பிளவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார்.

“கேக்குதா?” என்று அங்கிருந்தபடியே சத்தமாகக் கேட்டார். “வெளிய வருது. கேக்குதா?”

நான் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னைப் பார்க்கத்தானே வைத்திருக்கிறார். அடியில் எங்கோ தண்ணீர் வடிகிற சத்தம் இருந்தது. சுவரில் ஒன்றும் இல்லை.

அவர் உள்ளே வந்தபோது முழுக்க நனைந்திருந்தார். போனைச் சட்டையில் துடைக்கப் பார்த்தார். சட்டையே நனைந்திருந்ததால் என்னிடம் நீட்டினார். நான் முந்தானையில் துடைத்துக் கொடுத்தேன்.

“காஞ்சிருக்கு சார்,” என்றேன்.

“ம்.”

கேட்கலாமா என்று யோசித்துக் கேட்டேன். “அக்கா என்ன சொன்னாங்க?”

“ஓட்டைக்கு வலை அடிக்கச் சொல்றா. பொடிக்கண் வலையா பார்த்து அடிக்கணுமாம். இல்லாட்டி எறும்பு வருமாம்.”

“வருவாங்களா சார்?”

“அதை நான் கேக்கல,” என்றார்.

மழை விடுகிறவரை இருவரும் அங்கேயே நின்றோம். விட்டதும் நான் தம்பி வீட்டுக்குக் கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் மேஜைமேல் பேனலின் வரைபடத்தை விரித்து, அடியில் ஒவ்வொரு பிளவின்மேலும் பென்சிலால் வலையை வரைந்துகொண்டிருந்தார். குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொரு கண்ணாக வரைந்துகொண்டிருந்தார்.